எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துன காலம்: எங்க ஊர்ப் பாட்டுப் பெட்டிகளின் கதை



பாட்டுப் பெட்டியோட வரலாற யாராச்சும் எழுதுனா அதுல பாட்டு இருக்கும், பாடுனவங்க பேரு இருக்கும், மிஞ்சிப்போனா பெட்டி செஞ்ச கம்பெனி பேரு இருக்கும். பெட்டிக்குப் பின்னால தொங்குன ஒயரப் பத்தி எழுதி நான் படிச்சதில்ல. இந்தப் பதிவுல அந்த ஒயரப் பத்தித்தான் எழுதப் போறேன். அதுலயும் குறிப்பா எர்த் ஒயரு. எங்க ஊருக்கு அது எதுக்காக வந்துச்சு, ஏன் காணாமப் போச்சு, போனதுக்கு நாம என்ன விலை குடுத்தோம்ங்கறத எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு. பொங்கலுக்குப் பொங்கல் ஊர்ல புதுசு புதுசா ஹோம் தியேட்டர் வந்து இறங்குது. அதனால இப்பவே எழுதிடறேன்.

கரண்டு இல்லாத பாட்டு

எங்க ஊருக்கு முதல்ல வந்தது கிராமபோன். அந்தக் காலத்து மணியக்காரர் வீட்டுல இருந்துச்சுன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. கைப்பிடியப் போட்டுச் சுத்தி சாவி குடுத்தா உள்ள இருக்கற வில்லு முறுக்கேறும். அது பிரியப் பிரிய தட்டு சுத்தும். ஊசி தட்டுல உரசி, அந்த அதிர்வு குழல் வழியா பெருசாகி வெளிய வரும். கரண்டு வேலையே கெடயாது. ஊசி கையில குத்துனா உண்டு, வேற ஆபத்து ஒண்ணுமில்ல.

ரேடியோ அப்படி இல்ல. சென்னைப் பட்டணத்துல 1924-லயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டிங்கறவர் முயற்சியில மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்ப ஆரம்பிச்சுது. பணமில்லாம 1927-ல நின்னு போச்சு. 1930-ல சென்னை கார்ப்பரேஷன் எடுத்து நடத்துச்சு. அகில இந்திய வானொலியோட சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல வந்துச்சு, திருச்சி நிலையம் அடுத்த வருசம் மே 16-ல.

இந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு கரண்டு சீக்கிரமே வந்ததுக்குக் காரணம் பைக்காரா. 1932-ல நீலகிரியில பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. 1937-ல மேட்டூர் வந்துச்சு. மில்லுக்குப் போச்சு, டவுனுக்குப் போச்சு, அப்புறம் கிணத்து மோட்டாருக்கு வந்துச்சு. 1957-ல மின்சார வாரியம் அமைஞ்ச பிறகுதான் எங்க மாதிரி சின்ன ஊருக்கெல்லாம் கம்பம் நட்டாங்க. அதுலயும் மொதல்ல மோட்டாருக்கு, அப்புறந்தான் வீட்டு விளக்குக்கு. அது வரைக்கும் ஊர்ல ரேடியோன்னா பஞ்சாயத்து ரேடியோவும், பேட்டரியில ஓடுற ஒண்ணு ரெண்டு செட்டும்தான்.

எர்த் குழி

கரண்டு வந்ததும் மணியக்காரர் வீட்டுக்கு ஒரு வால்வு ரேடியோ வந்துச்சு. போஸ்டாபீசுல வருசா வருசம் பணம் கட்டி லைசென்ஸ் புஸ்தகத்துல முத்திரை வாங்கணும். எங்க அய்யன் அப்ப சின்னப் பையன். அவருக்கு அந்த வீட்டுல ஒரு வேலை இருந்துச்சு. சாயங்காலமானா எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தணும். ஊத்துனா திண்ணையில உக்காந்து பாட்டுக் கேக்கலாம். அதுதான் கூலி.

அந்த ரேடியோவுக்கு வீட்டுக்கு வெளிய ரெண்டு சாமான் வேணும். ஒண்ணு ஏரியல். ரெண்டு மூங்கில் நட்டு, ஓட்டுக் கூரைக்கு மேல செம்புக் கம்பிய இழுத்துக் கட்டுவாங்க. இன்னொண்ணு எர்த். செவுத்தோரமா குழி வெட்டி, இரும்புக் குழாய எறக்கி, சுத்தியும் கரியும் உப்பும் போட்டு மூடி, குழாயில கம்பி கட்டி ரேடியோவுக்குப் பின்னால செருகுவாங்க. மண்ணு ஈரமா இருந்தாத்தான் குழாயும் பூமியும் நல்லா சேரும். உப்பு ஈரத்த இழுத்து வெக்கும், கரி அத விடாமப் பிடிச்சுக்கும். அதுக்குத்தான் அந்த ஒரு குடம் தண்ணி.

இந்த எர்த்த எதுக்குப் போட்டாங்கன்னு நெனக்கறீங்க? சிலோன் ஸ்டேஷன் இரைச்சல் இல்லாம தெளிவா கேக்கணும்னு போட்டாங்க. ஏரியல்ல வர்ற அலை ரேடியோ வழியா பூமிக்குப் போனாத்தான் அந்தச் சுத்து முழுசாகும். எர்த் காஞ்சா பாட்டு மங்கும், கொர கொரன்னு சத்தம் வரும். உடனே மணியக்காரர் சத்தம் போடுவாராம், "ஏண்டா, இன்னிக்குத் தண்ணி ஊத்துனியா இல்லியா?"

பாட்டுக்காகப் போட்ட அந்த எர்த்து கூடவே உசுரையும் காப்பாத்துச்சு. இடி மின்னல் வந்தா ஒரு கத்தி சுவிச்ச மாத்திப் போட்டு ஏரியல் கம்பிய நேரா எர்த்தோட சேத்து விட்ருவாங்க. வால்வு ரேடியோவுக்கு உள்ள இருநூறு வோல்ட்டுக்கு மேல ஓடும். ஆஃப் பண்ணுன பிறகும் கண்டென்சர்ல கொஞ்ச நேரம் தங்கி நிக்கும். சில மலிவு செட்டுல டிரான்ஸ்பார்மரே இருக்காது, உள்ள இருக்கற தகரச் சட்டம் நேரா கரண்டு லைனோட சேந்திருக்கும். ப்ளக்க மாத்திச் செருகுனா சட்டம் முழுக்க ஃபேஸ். கை படக்கூடாதுன்னு குமிழோட திருகாணிக் குழியில மெழுகு வெச்சு அடைச்சு அனுப்புவாங்க. கம்பெனிக்காரனே அவ்வளவு பயந்து செஞ்ச பெட்டி அது. ஊர்லயும் அந்தப் பயம் இருந்துச்சு. பெரியவங்களத் தவிர யாரும் தொட மாட்டாங்க. பெட்டிக்குத் துணி போட்டு மூடி, ஆள் உசரத்துக்கு செவுத்துல பலகை அடிச்சு வெச்சிருந்தாங்க.

பயம் போன காலம்

டிரான்சிஸ்டர 1947 கடைசியில அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சாங்க. 1954-ல அத வெச்சு செஞ்ச ரேடியோ அங்க கடைக்கு வந்துச்சு. எங்க ஊருக்கு வர பத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சு. நான் பொறந்து வெவரம் தெரியறப்ப வரப்புல, களத்து மேட்டுல, மாட்டு வண்டி நுகத்தடியிலன்னு எங்க பாத்தாலும் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் தொங்கும்.

நாலு பேட்டரிக் கட்டை, ஆறு வோல்ட்டு. ஈரக் கையில தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது. தலைமாட்டுல வெச்சுத் தூங்கலாம். உள்ள ஒரு கறுப்புக் குச்சியில கம்பி சுத்தியிருக்கும், ஃபெரைட் குச்சிம்பாங்க. ஏரியல் வேலைய அதே பாத்துக்கும். கூரைக்கு மேல கம்பி வேண்டியதில்ல, எர்த்தும் வேண்டியதில்ல.

மணியக்காரர் வீட்டு எர்த் குழி அப்பத்தான் காஞ்சுது. எங்க அய்யனுக்குப் பிறகு தண்ணி ஊத்த ஆளும் இல்ல, ஊத்த வேண்டிய காரணமும் இல்ல. பிற்பாடு அந்தக் குழாயப் பிடுங்கி கன்னுக்குட்டி கட்ட முளையா அடிச்சுட்டாங்க. இத நான் கண்ணால பாத்திருக்கேன். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பாட்டுக்காக வந்தது, பாட்டுக்குத் தேவையில்லன்னு ஆனதும் போயிருச்சு. உசுருக்கும் அது வேணும்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் யாரும் சொல்லல.

கரண்டு திரும்பி வந்துச்சு, எர்த் வரல

பிலிப்ஸ் கம்பெனி 1963-லயே கேசட்டக் கொண்டு வந்துட்டாலும் எங்க ஊருக்கு டேப் ரிக்கார்டர் வந்தது 1980 வாக்குல. துபாய், சிங்கப்பூர் போயிட்டு வந்தவங்க ரேடியோவும் டேப்பும் சேந்த டூ இன் ஒன் கொண்டு வருவாங்க. அதுல சிலதுக்குப் பின்னால 110, 220-ன்னு ஒரு தள்ளு சுவிச்சு இருக்கும். 110-ல இருக்கறது தெரியாம நம்ம ஊரு கரண்டுல சொருகி, புகை வந்த கதை ஊருக்கு ஒண்ணாச்சும் இருக்கும்.

பேட்டரிக் கட்டை வாங்கி மாளாதுன்னு எல்லாரும் கரண்டுல சொருகிக் கேக்க ஆரம்பிச்சாங்க. கையில இருந்த பழக்கம் மட்டும் டிரான்சிஸ்டர் பழக்கம். பயம் விட்டுப் போச்சு. பொட்டி ஜன்னல் திட்டுல இருக்கும், ஒயரு தரையில கெடக்கும், பக்கத்துலயே தண்ணிப் பானை.

அப்புறம் ஸ்டீரியோ. இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடமா சத்தத்தப் பதியற முறைக்கு ஆலன் பிளம்லைன்ங்கற இங்கிலாந்து எஞ்சினியர் 1931-லயே காப்புரிமைக்கு எழுதிக் குடுத்தாரு. 1958-ல ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்துச்சு. தமிழ்ல 1978-ல வந்த 'பிரியா' படத்துப் பாட்டு ஸ்டீரியோவுல பதிவாச்சுன்னு சொல்லுவாங்க. தபேலா ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம்னு கேட்ட பிறகு ஒரு ஸ்பீக்கர் யாருக்கும் பத்தல.

எங்க செட்டு பசங்களுக்குக் கம்பெனி ஸ்டீரியோ வாங்க வசதியில்ல. டவுன்ல போர்டு வாங்கி அசெம்பிள் பண்ணித் தருவாங்க. எல்.ஏ. 4440-ங்கற ஐ.சி. போட்ட போர்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர், தகரப் பெட்டி, முன்னால சீரியல் லைட்டு. ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்யக் காசில்லன்னா மண்பானை. பானை வாய்க்குச் சரியா ஸ்பீக்கர வெச்சு, பக்கத்துல ஒரு ஓட்டை போட்டா பேஸ் தும்முன்னு விழும். சந்தையில பானை தட்டிப் பாத்து வாங்குன பசங்க நாங்க. எங்க அம்மா சோத்துக்குத் தட்டிப் பாக்கும், நாங்க பேஸுக்குத் தட்டிப் பாப்போம்.

அந்தத் தகரப் பெட்டிக்குள்ள வந்தது 230 வோல்ட்டு. ஆனா ஒயரு ரெண்டுதான். டூ பின் ப்ளக்கு. எர்த் இல்லாட்டியும் பாட்டு கொஞ்சமும் குறையல. அதனால அது இல்லாததே ஒருத்தர் கண்ணுக்கும் படல.

ஒரு சாவு

1993 மார்கழி. எனக்கு மாப்ள முறை ஆகோணும், பக்கத்து ஊரு, வயசு இருபத்திமூணு. பொங்கலுக்கு வீடு கழுவி விட்டிருந்தாங்க. தரை ஈரம். பாட்டு வெக்கலாம்னு வெறுங்காலோட போயி ஆம்ப்ளிபயர் தகரப் பெட்டியில கை வெச்சவன்தான். பெட்டிக்குள்ள எலி போயி டிரான்ஸ்பார்மர் ஒயரு தோலக் கடிச்சு வெச்சிருந்துச்சு. ஃபேஸ் ஒயரு தகரத்துல ஒட்டிக் கெடந்துச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சுது.

ஊர்ல என்ன பேசுனாங்க? விதின்னாங்க. பொட்டி ராசியில்லன்னாங்க. அவங்க அம்மா அந்தப் பெட்டியக் கெணத்துல தூக்கிப் போடச் சொல்லுச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு வயசான ஒயர்மேன் மட்டும் ப்ளக்கக் கையில எடுத்துப் பாத்துட்டு எங்ககிட்டச் சொன்னாரு: "இதுல மூணாவது ஒயரு இருந்து, வெளிய எர்த்தும் ஒழுங்கா இருந்திருந்தா, எலி கடிச்ச அன்னிக்கே ஃபியூஸ் போயிருக்கும் தம்பி. பெட்டி பாடியிருக்காது, பையன் இருந்திருப்பான்."

எர்த் ஒயரு செய்யற வேலை அவ்வளவுதான். தகரப் பெட்டிய பூமியோட சேத்து வெக்கும். ஃபேஸ் வந்து பெட்டியத் தொட்டா கரண்டு அந்த ஒயரு வழியா பாஞ்சு ஓடும், ஃபியூஸ் எரிஞ்சு லைன் நிக்கும். அந்த ஒயரு இல்லாட்டி பெட்டி சும்மா காத்திருக்கும். ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு தொடற ஆளுதான் அதுக்கு எர்த் ஒயரு.

இப்ப நடக்கறது

இப்ப வீட்டுல எல்லாம் மூணு ஓட்டை ப்ளக் பாயிண்டுதான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல பழைய வீட்டுல பாதிக்கு மேல அந்த மேல் ஓட்டைக்குப் பின்னால ஒயரே கெடயாது. சில வீட்டுல நியூட்ரலயே இழுத்து எர்த் ஓட்டையிலயும் கட்டி வெச்சிருக்காங்க. வெளிய நியூட்ரல் அறுந்துச்சுன்னா வீட்டுல இருக்கற அத்தன தகரத்துலயும் ஃபேஸ் வந்து நிக்கும். இது ஒயரே இல்லாததவிட மோசம்.

இன்னொரு கூத்தும் நடக்குது. டிவி, கேபிள் பெட்டி, கம்ப்யூட்டர், ஆம்ப்ளிபயர்னு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேக்கறப்ப ஸ்பீக்கர்ல உம்ம்னு ஒரு இரைச்சல் வரும். வேற வேற இடத்துல எர்த் சேர்றதால சில சமயம் அப்படி ஆகும். அத நிறுத்தறதுக்கு ப்ளக்கோட எர்த் பின்ன வெட்டி விட்டுடறாங்க. இரைச்சல் நின்னுரும். உசுருக்கு இருந்த காவலும் அதோட போயிரும். எல்லா ப்ளக்கையும் ஒரே போர்டுல சொருகுனாலே பெரும்பாலும் இரைச்சல் கொறஞ்சிரும், பின்ன வெட்ட வேண்டியதில்ல. அந்த எர்த் பின்னு மத்த ரெண்டவிட நீளமா இருக்கறதுக்குக் காரணம், சொருகறப்ப அது மொதல்ல சேரணும், பிடுங்கறப்ப கடைசியா விடணும்ங்கறதுதான்.

அந்தக் காலத்துல பாட்டு மங்குதுன்னு எர்த்துக்குத் தண்ணி ஊத்துனோம். நடுவுல பாட்டுக்கு வேண்டாம்னு விட்டோம். இப்ப பாட்டக் கெடுக்குதுன்னு வெட்டறோம். மூணு தடவையும் காதத்தான் கேட்டோம்.

செட்டு வாங்கறவங்களுக்கு

செட்டுக்குப் பின்னால சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருந்தா அது ரெட்டை இன்சுலேசன் செஞ்சது, எர்த் வேண்டாம்னே செஞ்சிருப்பாங்க, டூ பின்னு சரிதான். அசெம்பிள் பண்ணுன தகரப் பெட்டின்னா மூணு ஒயரு கட்டாயம். தொட்டா சுரீர்னு லேசா அடிக்கற எந்தப் பெட்டியா இருந்தாலும் ப்ளக்கப் பிடுங்கிட்டு ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க. "அது அப்படித்தான்"னு பழகிக்காதீங்க.

வெளிய எர்த் குழி இருந்தாலும் மண்ணு காஞ்சு கெடந்தா ஃபியூஸ எரிக்கற அளவுக்குக் கரண்டு பாயாது. ஃபியூஸ் கட்டையில நாலு இழை செம்புக் கம்பி முறுக்கிப் போட்ட வீடுன்னா கேக்கவே வேண்டாம். அதுக்குத்தான் ஆர்.சி.சி.பி., நம்ம ஊர்ல ஈ.எல்.சி.பி.ன்னும் சொல்றது. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமான்னு பாத்துக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் போடுவாங்க. 60 வாட்ஸ் குண்டு பல்பு இழுக்கறதுல ஒன்பதுல ஒரு பங்குதான் அது. அவ்வளவு கரண்டு பூமிக்குத் தப்பிப் போனாலும் கண்ணு மூடி முழிக்கறதுக்குள்ள லைன வெட்டிரும். அதப் போட்டாலும் எர்த் வேண்டாம்னு ஆயிராது, ரெண்டும் வேணும்.

பி.எம்.பி.ஓ. ஆயிரம் வாட்ஸ், ரெண்டாயிரம் வாட்ஸ்னு அட்டையில போட்டிருக்கறத நம்பாதீங்க. கரண்டு எத்தன வாட்ஸ் இழுக்கும்னு பின்னால சின்ன எழுத்துல இருக்கும், அதப் பாருங்க. ஸ்பீக்கர் ஓம்ஸும் முக்கியம். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் ரெண்ட ஒரே பக்கத்துல பக்கவாட்டுல சேத்தா நாலு ஓம்ஸ் ஆகும், நாலு சேத்தா ரெண்டு ஓம்ஸ். ஆம்ப்ளிபயர் தாங்காம சூடேறும். பெட்டி மேல துணி போட்டு மூடாதீங்க, காத்தோட்டம் வேணும். காத்து ஓட்டைக்குக் கொசுவலைக் கம்பி அடிச்சா பல்லியும் எலியும் போகாது. ஸ்பீக்கர் ஒயருக்கு டூ பின் ப்ளக்க மாட்டி வெக்கற பழக்கத்த விட்ருங்க, கொழந்தைங்க அத செவுத்துல சொருகிரும்.

ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, உக்கார்ற எடத்துக்கும் அவ்வளவு தூரம் இருந்தா ஸ்டீரியோ நல்லா பிரியும். சின்ன ஸ்பீக்கர் காது உசரத்துக்கு வரணும். சேப்பும் கறுப்பும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு மாறுனா பேஸ் காணாமப் போயிரும். இடி இடிச்சா சுவிச்ச ஆஃப் பண்றது பத்தாது, மழை வர்றதுக்கு முந்தியே ப்ளக்கையும் கேபிளையும் பிடுங்கிருங்க.

சத்தம் 85 டெசிபல் இருந்தா எட்டு மணி நேரம்தான் காது தாங்கும்னு கணக்கு. மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88-ன்னா நாலு மணி, 91-ன்னா ரெண்டு மணி. 2000-ல மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரியில 45 டெசிபல்தான். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ராத்திரிக் கணக்கு.

வீட்டு ஒயரிங்க நீங்களே திறந்து பாக்க வேண்டாம். லைசென்ஸ் இருக்கற ஒயர்மேனக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "எங்க வீட்டு மூணாவது ஓட்டையில இருந்து ஒயரு எங்க போய் முடியுது?" அவரு வெளிய கூட்டிட்டுப் போயி குழியக் காட்டணும். காட்ட முடியலன்னா செட்டு வாங்க வெச்ச காசுல கொஞ்சம் எடுத்து மொதல்ல எட்டடிக் குழாய் எறக்குங்க. எங்க வீட்டுல துணி தொவைக்கற கல்லுப் பக்கத்துல எறக்கியிருக்கோம். அலசுற தண்ணி தெனமும் அங்கதான் போகுது. தனியா ஒரு குடம் ஊத்த ஆள் தேட வேண்டியதில்ல.

அடுத்த பதிவுல கவலை ஓட்டுன காலத்தப் பத்தி எழுதறேன். எங்க அய்யன் சொல்லச் சொல்லக் குறிச்சு வெச்சிருக்கேன்.